தக்காளிக் கணக்கில் விடுபட்ட 300 ரூபாய்

போன இதழில் டோபாலஜி (இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத வடிவப் பண்புகளை, துளைகளை எண்ணுவது மாதிரி, ஆராயும் கணிதம்) பற்றி எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். "வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறுகிற வகையீட்டு வடிவங்கள் இருந்தால்தான் சில துளைகள் கண்ணில் படும்" என்பது அந்த வரி. விளக்கம் எதுவும் சொல்லவில்லை, இடமும் இல்லை. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மீதிக் கட்டுரை முழுவதற்கும் வந்ததைவிட அதிகம், அதில் பாதி கோபமானவை. அதனால் இந்த மாதம் கேள்வி-பதில் பகுதி முழுக்க அதுவே. படம் போட இடம் தரமாட்டேன் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார், ஆகவே பென்சிலும் பேப்பரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மூவைந்து பதினைந்து, ஐம்மூன்று பதினைந்து என்று முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வரிசை மாற்றினால் விடை மாறும் என்று பத்திரிகையில் எழுதினால் பிள்ளைகள் என்னாவார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

ப: ஐயா, மூவைந்து பதினைந்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. எண்கள் பரிமாற்றுப் பண்புக்குக் கட்டுப்பட்டவை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் மேல்நிலை வகுப்பில் அணிகள் (மேட்ரிக்ஸ்) வருகின்றனவே, அங்கே ஒரு அணியை இன்னொன்றால் இடப்பக்கமிருந்து பெருக்கினால் ஒரு விடை, வலப்பக்கமிருந்து பெருக்கினால் பெரும்பாலும் வேறு விடை. 1925-ல் இயற்பியலாளர் ஹைசன்பர்க், ஹே ஃபீவர் என்கிற மகரந்த ஒவ்வாமைக்குப் பயந்து ஹெலிகோலாந்து தீவில் போய் உட்கார்ந்து அணுவின் கணக்கைப் போட்டபோது தன் பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறுவதைப் பார்த்துக் கலங்கிப்போனார். ஊருக்குத் திரும்பிய பிறகு, இது நமக்குத் தெரிந்த அணிப் பெருக்கல்தானே என்று அடையாளம் கண்டுபிடித்தவர் மாக்ஸ் போர்ன். எண்ணிக்கையைப் பெருக்கினால் வரிசை முக்கியமில்லை, செயல்களைப் பெருக்கினால் முக்கியம். சட்டை போட்டு அப்புறம் பனியன் போடுகிறவர்களை யாரும் பார்த்ததில்லை.

கே: வகையீட்டு வடிவம் என்றால் என்ன? அதற்கும் துளைக்கும் என்ன சம்பந்தம்? வகுப்பில் வரையறையை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போய்விட்டார்கள். (முதுகலை கணிதம் முதலாண்டு மாணவி, திருநெல்வேலி)

ப: தொகையிடல் கணக்கில் கடைசியில் டிஎக்ஸ் என்று ஒன்று எழுதுவோம், அதை விட்டுவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பார்கள், ஏன் எழுதுகிறோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த டிஎக்ஸ்தான் வகையீட்டு வடிவம். வழியில் வைக்கும் ஒவ்வொரு சின்ன அடிக்கும் ஒரு எண்ணைக் கொடுக்கிற கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வழி முழுக்க நடந்தால் அந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். அடிக்குப் பதில் சின்னப் பரப்புக்கு எண் கொடுத்தால் அது இரண்டாம் படி வடிவம், சின்னக் கனத்துக்குக் கொடுத்தால் மூன்றாம் படி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றுகிற செயலுக்கு 'டி' என்று பெயர். அதை அடுத்தடுத்து இரண்டு முறை செய்தால் எப்போதும் பூஜ்ஜியம்தான்.

துளைக்கு வருவோம். கோயில் பிரகாரத்தில் தலவிருட்சத்தைச் சுற்றுகிறீர்கள். ஒவ்வொரு அடியிலும் மரத்தைப் பொறுத்து நீங்கள் எவ்வளவு கோணம் திரும்பினீர்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி, இப்படி. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் இந்தக் குறிப்பில் தப்பே இல்லை, டி போட்டால் பூஜ்ஜியம்தான் வரும். ஆனால் ஒரு சுற்று முடித்துக் கூட்டினால் 360. இதுவே 'உயரத்தில் எவ்வளவு மாற்றம்' என்று குறித்திருந்தால், புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் மொத்தம் பூஜ்ஜியமாகத்தான் இருக்கும். ஆக கோணக் குறிப்பு எந்த ஒரு சார்பின் மாற்றமும் இல்லை, ஆனால் அப்படி ஒன்று போலவே ஒவ்வொரு இடத்திலும் நடந்துகொள்கிறது. இந்த ஏமாற்று வேலை ஏன் சாத்தியமானது என்றால் நடுவில் மரம் இருப்பதால். மரம் நிற்கிற இடத்தில் உங்களால் நடக்க முடியாது, அது ஒரு துளை.

'டி போட்டால் பூஜ்ஜியம், ஆனால் தானே எதன் டி-யும் இல்லை' என்கிற வடிவங்களை எண்ணுவதுதான் கோஹோமாலஜி. வடிவங்களை வைத்து எண்ணினாலும் சரி, இடத்தை முக்கோணம் முக்கோணமாக வெட்டி எண்ணினாலும் சரி, ஒரே விடைதான் வரும் என்று 1931-ல் தன் ஆய்வேட்டில் நிறுவியவர் ஜார்ஜ் டி ராம் என்ற சுவிஸ்காரர். அவர் பெரிய மலையேறி. அந்தத் தேற்றத்தில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு, கெழுக்கள், அதாவது இந்தக் கணக்கில் நாம் பயன்படுத்துகிற எண்கள், மெய்யெண்களாக இருக்கவேண்டும். அந்த நிபந்தனையில்தான் இந்த மாதத்துக் கதை முழுக்கக் கிடக்கிறது.

கே: எங்கள் வீட்டில் காய்கறி மொத்த வியாபாரம். வரிசை மாறினால் விடை மாறும் என்பதை வியாபாரக் கணக்கில் காட்ட முடியுமா? முடியாது என்று நண்பனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். (கல்லூரி மாணவர், ஒட்டன்சத்திரம்)

ப: பந்தயத்தில் தோற்றீர்கள். காலையில் தக்காளி கிலோ 20 ரூபாய், கையிருப்பு 30 கிலோ. மாலையில் விலை 50 ரூபாய், நடுவில் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டதால் இருப்பு 40 கிலோ. சரக்கின் மதிப்பு காலையில் 600, மாலையில் 2,000. மாற்றம் 1,400 ரூபாய், இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இப்போது பெருக்கல் விதிப்படி இந்த 1,400-ஐப் பிரித்துப் பார்ப்போம், அதாவது விலை மாற்றம் × எடை, அதோடு விலை × எடை மாற்றம். விலை மாற்றம் 30, எடை மாற்றம் 10. சரி, எந்த எடை, எந்த விலை? இரண்டையும் காலைக் கணக்கில் எடுத்தால் 30 × 30 + 20 × 10 = 1,100. முந்நூறு குறைகிறது. இரண்டையும் மாலைக் கணக்கில் எடுத்தால் 30 × 40 + 50 × 10 = 1,700. முந்நூறு கூடுகிறது. அந்த 300 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், 30 × 10, அதாவது விலை மாற்றம் × எடை மாற்றம்.

சரியாக வரவேண்டுமென்றால் ஒரு வழி, ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுக்கவேண்டும். 30 × 40 + 20 × 10 = 1,400. ஆக விதி இது: மாற்றத்துக்கு இடப்பக்கம் நிற்கும் சார்புக்குக் காலை மதிப்பு, வலப்பக்கம் நிற்கும் சார்புக்கு மாலை மதிப்பு. 'விலை மாற்றம் × எடை' என்பதில் எடை வலப்பக்கம் இருக்கிறது, மாலை எடை 40. 'விலை × எடை மாற்றம்' என்பதில் விலை இடப்பக்கம், காலை விலை 20. வரிசையை மாற்றி 'எடை × விலை மாற்றம்' என்று எழுதினால் காலை எடை வந்துவிடும், 1,200 கிடைக்கவேண்டிய இடத்தில் 900 வரும். இதுதான் பரிமாற்றமற்ற பெருக்கல். மர்மம் ஒன்றும் இல்லை, புறப்படும் இடமும் சேரும் இடமும் வேறு வேறு என்பதை மறக்காமல் இருப்பது, அவ்வளவுதான்.

அப்படியானால் பள்ளிக்கூடத்து வகையீட்டில் ஏன் இந்தத் தொல்லை வரவில்லை? அங்கே காலையும் மாலையும் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. மாற்றம் × மாற்றம் என்கிற அந்தத் துண்டு 'மிகமிகச் சிறியது' என்று தள்ளப்படுகிறது. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிஸ் அப்படித்தான் தள்ளினார். (அவரே 1675-ல் தன் குறிப்புகளில், பெருக்கலின் வகையீடு இரண்டு வகையீடுகளின் பெருக்கல்தானோ என்று ஒரு நிமிடம் யோசித்து, அப்புறம் திருத்திக்கொண்டிருக்கிறார். வகுப்பில் அதே தப்பைச் செய்கிற பிள்ளைகளுக்கு ஆறுதலாக இதைச் சொல்வதுண்டு.) இடத்தைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணும்போது துண்டுகள் சுருங்குவதில்லை. தள்ளிவிட்ட 300 ரூபாய் வந்து வாசலில் நிற்கும்.

கே: இதற்கு இவ்வளவு பாடா? காலை, மாலை இரண்டுக்கும் சராசரி எடுத்தால் வேலை முடிந்தது. 30 × 35 + 35 × 10 = 1,400. வரிசைப் பிரச்சினையே இல்லை. (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

ப: உங்கள் கணக்கு சரி, யோசனையும் நல்லது. எனக்குக்கூட முதலில் இதுதான் தோன்றியது, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்திருக்கிறேன். சராசரி எடுத்தால் பெருக்கல் விதி நிற்கும், பரிமாற்றுப் பண்பும் வந்துவிடும். விழுவது இன்னொன்று.

மேலே சொன்ன எடை ஒரு கடைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கடை, மாலைக்குள் மூன்று கடை, கடை எண்ணிக்கையின் மாற்றம் 2. இப்போது விலை, எடை, இந்த 2, மூன்றையும் பெருக்கவேண்டும். முதலில் விலையையும் எடையையும் பெருக்கி மதிப்பாக்கினால் காலை 600, மாலை 2,000, சராசரி 1,300, இரண்டால் பெருக்கினால் 2,600. மாறாக எடையை முதலில் அந்த 2-ஓடு பெருக்கிவிட்டு அப்புறம் விலையால் பெருக்கினால் 35 × 35 × 2 = 2,450. அடைப்புக்குறியை எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது, அதாவது சேர்ப்புப் பண்பு போய்விட்டது. பெருக்கல் விதி, சேர்ப்புப் பண்பு, பரிமாற்றுப் பண்பு, இந்த மூன்றில் இரண்டைத்தான் தக்காளி வியாபாரி வைத்துக்கொள்ள முடிகிறது. என்னைக் கேட்டால் பரிமாற்றுப் பண்பை விட்டுவிடுவதுதான் மலிவு. அடைப்புக்குறியைப் பார்த்துப் பார்த்து எழுதுவது மாதிரி நரகம் வேறில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள், சராசரி எடுக்க இரண்டால் வகுத்தீர்கள். விகிதமுறு எண்களோடு மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு வகுப்பது ஒரு பாவமும் இல்லை. வகுக்கலாம் என்று அனுமதி கிடைத்தால், இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக, ஒவ்வொரு முக்கோணத்தின் மேலும் பல்லுறுப்புக் கோவைகளால் ஆன வடிவங்களைப் பரப்பி, மூன்று பண்பையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியும். டென்னிஸ் சல்லிவன் 1977-ல் வெளியிட்ட வேலை அது, விகிதமுறு ஹோமோடோபி என்கிற ஒரு துறையே அதன் மேல் நிற்கிறது. அனுமதி இல்லாத இடத்தில்தான் தகராறு.

கே: வகுக்கவே கூடாது என்று யார் சொன்னது? இரண்டால் வகுக்க முடியாத உலகம் யாருக்கு வேண்டும்? (இல்லத்தரசி, முன்னாள் கணித மாணவி, சிதம்பரம்)

ப: ஒரு தோசைக்கு வேண்டும். வட்டமான தோசை ஒன்றை எடுத்து, விளிம்பில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு நேர் எதிர்ப் புள்ளியோடு ஒட்டிவிடுங்கள். நிஜத் தோசையில் முடியாது, கிழியும், மனதில் ஒட்டுங்கள். இதைக் கணிதத்தில் வீழ்ப்புத் தளம் என்பார்கள். கிழக்கு ஓரத்தில் ஒரு எறும்பு புறப்பட்டு விளிம்பிலேயே அரைச் சுற்று போனால் மேற்கு ஓரம் வரும். மேற்கும் கிழக்கும் ஒட்டியிருப்பதால் எறும்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. அந்தப் பாதை ஒரு சுற்று, அதை எப்படி இழுத்தாலும் ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாது. ஆனால் அதே வழியில் இரண்டு முறை போனால் விளிம்பு முழுக்கச் சுற்றியாகிவிட்டது, அந்த முழு விளிம்பைத் தோசையின் நடுப்பக்கமாகச் சுருக்கிக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம்.

இப்போது மெய்யெண் வடிவம் ஒன்றை வைத்து இந்தச் சுற்றை அளக்கப் பாருங்கள். அரை விளிம்பில் கூட்டுத்தொகை ஏதோ ஒரு எண் என்றால், முழு விளிம்பில் அதன் இரட்டிப்பு. முழு விளிம்பு சுருங்கிவிடுவதால் இரட்டிப்பு பூஜ்ஜியம். இரட்டிப்பு பூஜ்ஜியமென்றால் எண்ணே பூஜ்ஜியம். தீர்ந்தது, டி ராமின் கருவி இந்தத் தோசையைப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லையே" என்று போய்விடும். அதுவே ஒற்றைப்படை, இரட்டைப்படை மட்டும் பார்க்கிற கணக்கில், அதாவது 1 + 1 = 0 என்கிற உலகத்தில் (இதை இரண்டின் உலகம் என்று வைத்துக்கொள்வோம்), இரட்டிப்பு எப்போதும் பூஜ்ஜியம், அதனால் எண் 1 ஆகவே இருந்துவிட்டுப் போகலாம். எறும்பின் சுற்று பிடிபட்டுவிடும். ஆனால் அந்த உலகத்தில் 2 என்பதே பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தால் எப்படி வகுப்பது? சராசரியும் போச்சு, சல்லிவனும் போச்சு.

இன்னும் ஒரு விசேஷம் உண்டு. மெய்யெண் உலகில் முதல் படி வடிவம் ஒன்றைத் தன்னோடே பெருக்கினால் பூஜ்ஜியம், ஏனென்றால் இடம் மாற்றும்போது குறி மாறும், தனக்குத் தானே எதிர்க்குறி என்றால் பூஜ்ஜியமாகத்தான் இருக்கவேண்டும். தோசையில், இரண்டின் உலகில், எறும்பைப் பிடித்த அந்த முதல் படிப் பொருளைத் தன்னோடே பெருக்கினால் பூஜ்ஜியம் வருவதில்லை. இடத்தைப் பற்றிய நல்ல செய்தி ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது.

கே: பல்லுறுப்புக் கோவையைத் தொகையிடுவதில் இரண்டின் உலகில் என்ன சிக்கல்? அதை யாராவது சரி செய்தார்களா? (ஆய்வு மாணவர், புதுச்சேரி)

ப: எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் 2 எக்ஸ், அது அங்கே பூஜ்ஜியம். திருப்பித் தொகையிடலாம் என்றால் எக்ஸ் வர்க்கத்தின் கீழே 2 வந்து நிற்கும். துளையே இல்லாத நேர்கோட்டில்கூட டி ராம் கணக்கு பொய்யான துளைகளைக் காட்ட ஆரம்பித்துவிடும், அதுதான் சிக்கல்.

இதற்கு மாக்ஸ் கரூபி என்ற பாரிஸ் கணிதர் 1995 வாக்கில் எழுதிய கட்டுரைகளில் ஒரு வழி சொன்னார். கரூபியின் பெயர் கே-தியரி என்கிற கணிதத் துறையைப் படித்தவர்களுக்குப் பழக்கம். எந்தக் கெழுவாக இருந்தாலும், முழு எண்ணோ இரண்டின் உலகமோ, பரிமாற்றமற்ற வகையீட்டு வடிவங்களைக் கொண்டு ஒரு இடத்தின் கோஹோமாலஜியைக் கணக்கிடலாம் என்பதுதான் அதன் சாரம். செய்முறை கேட்டால் 'இவ்வளவுதானா' என்பீர்கள். சார்புகள் அ, ஆ, இ என்று இருக்கட்டும். அ·டிஆ·டிஇ என்கிற மாதிரி சொற்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதி: டி(அஆ) = டிஅ·ஆ + அ·டிஆ. அப்புறம் எண்களுக்கு டி போட்டால் பூஜ்ஜியம். வேறு எந்த விதியும் கிடையாது, டிஅ·ஆ என்பதும் ஆ·டிஅ என்பதும் ஒன்று என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வலப்பக்கம் மாட்டிக்கொண்ட ஆ-வை இடப்பக்கம் கொண்டுவர வேண்டுமானால் அந்த விதியைத் திருப்பி எழுதவேண்டும், டிஅ·ஆ = டி(அஆ) − அ·டிஆ. தக்காளிக் கணக்கில் செய்ததும் இதுவேதான்.

இந்த வடிவங்களுக்கு ஒரு 'குறை' உண்டு. அ·டிஆ·டிஇ-க்கு டி போட்டால் டிஅ·டிஆ·டிஇ. அது பூஜ்ஜியம் என்றால் அ வெறும் எண்ணாக இருக்கவேண்டும், அப்படியானால் நாம் தொடங்கிய வடிவம் அந்த எண் பெருக்கல் டி(ஆ·டிஇ), ஏற்கெனவே ஒன்றின் டி-தான். (ஒரே ஒரு சொல் இருப்பதாக வைத்துச் சொல்கிறேன், பல சொற்களின் கூட்டலுக்கும் இதே வாதம் ஓடும்.) அதாவது துளை என்று எதுவுமே அகப்படாது, கோஹோமாலஜி காலி. உருப்படாத கருவி என்று தூக்கிப்போடத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு முக்கோணத்துக்குள் துளை எதுவும் அகப்படக்கூடாது என்பதுதானே நமக்கு வேண்டியது! பழைய வடிவங்கள் இரண்டின் உலகில் அந்த இடத்தில்தான் பொய் சொல்லின. இவை எங்கேயும் வகுக்காமல், எந்தக் கெழுவிலும், ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் ஒழுங்காகக் காலி என்கின்றன. முக்கோணங்களை ஒட்டி இடத்தைக் கட்டும்போது ஒட்டுகிற விதத்திலிருந்து துளைகள் வெளியே வருகின்றன. குறையே குணமானது என்பார்களே, அந்த ரகம்.

கரூபி அதோடு நிற்காமல் க்யூ-கணக்குப் பக்கமும் போனார், க்யூ என்பது நாம் தேர்ந்தெடுக்கிற ஒரு கெழு. டிஎக்ஸ்·எக்ஸ் = க்யூ·எக்ஸ்·டிஎக்ஸ் என்று வைத்தால் எக்ஸ் வர்க்கத்தின் வகையீடு (1 + க்யூ)எக்ஸ்·டிஎக்ஸ், எக்ஸ் கனத்துக்கு 1 + க்யூ + க்யூ வர்க்கம். க்யூ-வைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டின் உலகில்கூட இவை பூஜ்ஜியமாவதில்லை, வகுத்துக்கொள்ளலாம். இது அழகுதான், ஆனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

கே: அலேன் கோன் என்பவரின் பரிமாற்றமற்ற வடிவியல் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதுவும் அதுவும் ஒன்றா? (வாசகர், சென்னை)

ப: ஒன்றுவிட்ட சகோதரர்கள். கோன் (1982-ன் ஃபீல்ட்ஸ் பதக்கக்காரர்) இடத்தையே மாற்றுகிறார். புள்ளிகள் என்று எதுவும் மிஞ்சாத, சார்புகளே பரிமாற்றத்துக்கு உட்படாத இயற்கணிதத்தை எடுத்துக்கொண்டு, அதற்கும் கோஹோமாலஜி போன்ற ஒன்று வேண்டுமே என்று தேடி, சுழல் கோஹோமாலஜிக்கு வந்து சேர்ந்தார். சோவியத் பக்கம் சிகான் என்ற கணிதர் 1983-ல் தனியாக அதற்கே வந்தார். கரூபியின் மேற்சொன்ன கட்டுரைகளில் இடம் சாதாரண இடம்தான், சார்புகளும் சாதாரணம், டி வந்த பிறகுதான் வரிசை முக்கியமாகிறது. அ·டிஆ·டிஇ என்கிற எழுத்துமுறை இரண்டு வீட்டுக்கும் பொது.

கே: இதனால் என்ன பயன்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

ப: வெங்காய விலை குறையாது. கம்ப்யூட்டரில் மின்காந்தப் புலத்தைக் கணக்கிடுகிறவர்கள் இடத்தைச் சின்னச் சின்ன நான்முகிகளாக வெட்டி, முனைக்கும் விளிம்புக்கும் பரப்புக்கும் எண் கொடுத்துத்தான் வேலை செய்கிறார்கள். அங்கே பயன்படும் விட்னி வடிவங்கள் டோபாலஜிக்காரர் ஹாஸ்லர் விட்னியின் பெயரில் இருப்பவை. அந்த வேலையிலும் சராசரியா வரிசையா என்ற கேள்வி வரும், எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்கவேண்டிவரும்.

கே: முக்கோணத்தில் பெருக்கிப் பார்த்தேன். கோஹோமாலஜியில் முதல் படிப் பொருள்கள் இடம் மாறினால் குறி மட்டும்தான் மாறவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது, அதாவது இரண்டு வரிசையையும் கூட்டினால் பூஜ்ஜியம். எனக்கு 14 வருகிறது. எங்கே தப்பு? (முதுகலை இரண்டாமாண்டு மாணவி, மதுரை)

ப: தப்பே இல்லை, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கடிதம் உங்களுடையது. மற்றவர்களுக்காக அவர் போட்ட கணக்கு: முக்கோணத்தின் முனைகள் 0, 1, 2. க என்ற அளவு 01 விளிம்பில் 2, 12-ல் 3, அதனால் 02-ல் 5. ச என்ற அளவு 01-ல் 4, 12-ல் 1, ஆக 02-ல் 5. பெருக்கல் என்பது முன்னவர் 01-ஐ எடுத்துக்கொள்வார், பின்னவர் 12-ஐ. கச = 2 × 1 = 2. சக = 4 × 3 = 12. கூட்டினால் 14. இந்தப் பெருக்கலை 1935-ல் மாஸ்கோ மாநாட்டில் அலெக்சாண்டர், கல்மகோரோவ் என்ற இரண்டு கணிதர்கள் தனித்தனியாக அறிவித்தார்கள், செக்கும் விட்னியும் அப்புறம் சீர்படுத்தினார்கள்.

இப்போது ஒவ்வொரு விளிம்பிலும் க-வையும் ச-வையும் நேரடியாகப் பெருக்குங்கள், வரிசை எதுவும் வேண்டாம். 01-ல் 8, 12-ல் 3, 02-ல் 25. இந்தப் புதிய அளவுக்கு டி போடுங்கள், 12-ல் உள்ளதிலிருந்து 02-ல் உள்ளதைக் கழித்து 01-ல் உள்ளதைக் கூட்டவேண்டும். 3 − 25 + 8 = −14. உங்கள் 14 ஒன்றின் டி-தான், குறி மட்டும் எதிர். ஒன்றின் டி என்றால் கோஹோமாலஜியில் அது பூஜ்ஜியமாகவே கணக்கு. புத்தகமும் சரி, நீங்களும் சரி. எண்களை மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் வரும்.

அந்த விளிம்புப் பெருக்கல் இருக்கிறதே, 8, 3, 25, அதுதான் தக்காளிக் கணக்கில் மாற்றம் × மாற்றம் என்று வந்த 300-ன் உறவுக்காரர். ஸ்டீன்ராட் என்ற டோபாலஜிக்காரர் 1947-ல் செய்த காரியம், இந்த மிச்சத்தைத் தள்ளாமல் கையில் எடுத்துப் பார்த்தது. இரண்டின் உலகத்துக்குப் போய், ச-வுக்குப் பதிலாகவும் க-வையே போடுங்கள். விளிம்புகளில் இருப்பது 0 அல்லது 1 மட்டும். 0-ஐ 0-ஆல் பெருக்கினால் 0, 1-ஐ 1-ஆல் பெருக்கினால் 1. ஆக மிச்சமாக வருவது க-வேதான், ஒரு எழுத்துக்கூட மாறாமல். பெருக்கலை எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரிப் பரிமாற்றுப் பண்போடு கட்டிவிட முடியும் என்றால் மிச்சம் எப்போதும் பூஜ்ஜியமாக இருந்திருக்கவேண்டும். அப்படியானால் க-வும் பூஜ்ஜியம், எந்த க-வும் பூஜ்ஜியம், எறும்பு சுற்றி வந்த அந்தத் தோசையில் எறும்பைப் பிடித்த க உட்பட. அந்த க பூஜ்ஜியமில்லை என்று மேலே பார்த்தோமே, ஆகவே அப்படிக் கட்ட முடியாது.